டிராகுலா அங்கியோடு புதைக்கப்பட்டவர்: யார் இந்த பேலா லுகோசி?

கறுப்பு அங்கி, படிய வாரிய முடி, வெறித்த பார்வை, நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல். டிராகுலா என்றதும் இந்த உருவம்தானே ஞாபகத்துக்கு வருது? ஆனா, 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் முதலில் வரும் டிராகுலா, வெள்ளை மீசை வைத்த ஒரு முதியவர். நமக்குப் பழகிய டிராகுலாவைத் தந்தவர் பேலா லுகோசி என்ற ஹங்கேரிய நடிகர்.

எங்கிருந்து வந்தார்?

1882 அக்டோபர் 20-ல், அன்றைய ஹங்கேரியின் லுகோஸ் நகரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது ருமேனியாவில் இருக்கிறது. குடும்பப் பெயர் பிளாஸ்கோ. ஊர்ப் பெயரையே மேடைப் பெயராக்கிக்கொண்டார். புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் நடித்தார். முதல் உலகப் போரில் சண்டையிட்டுக் காயமடைந்தார்.

1919-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது, சக நடிகர்களுக்காகச் சங்கம் அமைக்க முன்னால் நின்றார். சில மாதங்களில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. சங்கம் வைத்ததே அவருக்கு வினையாகிப்போச்சு. நாட்டை விட்டுத் தப்பியவர், ஜெர்மனியில் சில காலம் நடித்துவிட்டு, 1920 கடைசியில் கப்பலேறி அமெரிக்கா போனார்.

டிராகுலா கிடைத்தது எப்படி?

அங்கே போனபோது ஆங்கிலம் சரியாகத் தெரியாது. முதல் ஆங்கில நாடகத்துக்கு, வசனங்களை ஒலியை வைத்தே மனப்பாடம் செய்தார். 1927-ல் பிராட்வே மேடையில் டிராகுலா ஆனார். நாடகம் 261 முறை நடந்தது. 1931-ல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த படத்திலும் அவரே நாயகன். சம்பளம் வாரம் 500 டாலர், ஏழு வாரம். அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் அவருக்குக் கோரைப்பல் கிடையாது. பயமுறுத்தியதெல்லாம் கண்ணும் குரலும்தான். ஈவு இரக்கமில்லாத அந்தப் பாத்திரம், ஒரே ஒரு இடத்தில் தன் மனசைத் திறக்கும். உண்மையான சாவு தனக்கு வராதா என்று ஏங்கும். அந்த ஒரு நொடியில், சாகவே முடியாத ஒருத்தனின் களைப்பு முகத்தில் தெரியும்.

புகழ் என்ன செய்தது?

வேற வேஷம் கிடைப்பது அரிதானது. சினிமாவில் முழுமையான டிராகுலாவாக அவர் வந்தது 1931, 1948 என இரண்டே படங்களில்தான். ஆனாலும், ரசிகர்களுக்குக் கடைசிவரை அவர் டிராகுலாதான். வயசாக ஆக, சின்ன பட்ஜெட் பேய்ப் படங்களே மிஞ்சின.

இதற்கிடையே நரம்பு வலிக்காக எடுத்த மார்ஃபின், பழக்கமாகி விடாமல் பிடித்துக்கொண்டது. போதைப் பழக்கத்தை நடிகர்கள் மூடி மறைத்த காலம் அது. 1955-ல், 72 வயதில், தன்னைச் சிகிச்சையில் சேர்க்கும்படி அவரே கேட்டு, கலிஃபோர்னியாவின் அரசு மருத்துவமனைக்குப் போனார். செய்தி பத்திரிகைகளில் வந்தது. அவர் ஒளியவில்லை. சில மாதங்களில் குணமாகி வெளியே வந்து, மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிய ரசிகையைத் திருமணம் செய்துகொண்டார்.

மறுவருஷம், 1956 ஆகஸ்ட் 16-ல் மாரடைப்பால் இறந்தார். டிராகுலா அங்கியோடு அவரைப் புதைத்தது குடும்பத்தின் முடிவு.

லுகோசியின் கடைசிக் காலத்தைச் சொல்லும் 'எட் வுட்' படம் 1994-ல் வந்தது. அதில் அவராக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. லுகோசியின் பெயர் அந்த விருதுக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்பட்டதில்லை.