லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 - ஏப்ரல் 16, 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த குருதியியல் மருத்துவர் ஆவார். கருவுற்ற பெண்களைத் தாக்கும் ஒருவகை இரத்தசோகையை ஈஸ்ட் சாற்றினால் குணப்படுத்தலாம் எனக் கண்டறிந்தார். ஃபோலிக் அமிலத்தின் கண்டுபிடிப்புக்கு இது வழிவகுத்தது. இவரது ஆய்வின் ஒரு பகுதி நீலகிரி மாவட்டம் குன்னூரில் நிகழ்ந்தது.

இளமையும் கல்வியும்

பர்மிங்காம் அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911 இல் படிப்பை முடித்தார். எனினும் அப்பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை. முதல் உலகப்போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் செவிலியராகத் தொண்டாற்றினார். அதன் பின்னரே மருத்துவம் பயின்று 1920 இல் லண்டனில் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32.

இந்தியாவில் ஆய்வுகள்

1928 இல் பம்பாய் வந்த வில்ஸ், ஹாஃப்கின் நிறுவனத்தில் தங்கி, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். இந்நோயில் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரிதாக இருக்கும். தாய் இறப்பதும் உண்டு. ஏழை இசுலாமியப் பெண்களிடம் இது மிகுதியாக இருந்தது. புரதமும் காய்கனிகளும் குறைந்த அவர்களது உணவே காரணமாகலாம் என வில்ஸ் ஐயுற்றார்.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பணிபுரிந்தார். இராபர்ட் மெக்காரிசன் அங்கு உணவூட்ட ஆய்வுகளை நடத்திவந்தார். அந்நாட்களின் எலி ஆய்வுகளில் மேத்தா என்பவர் வில்சுக்குத் துணைநின்றார். நோயுற்ற பெண்கள் உண்ட உணவையே வெள்ளெலிகளுக்குக் கொடுத்தபோது, கருவுற்ற எலிகள் சோகையுற்றுக் குட்டி ஈனும் முன்பே இறந்தன. ஈஸ்ட் சேர்த்தால் சோகை தடுக்கப்பட்டது.

முடிவு தெளிவாகத் தோன்றினாலும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. எலிகளின் உடலில் பேன்கள் இருந்தன. அவை பரப்பும் பார்டோனெல்லா என்ற நுண்ணுயிரியும் இரத்தத்தை அழிக்கக்கூடியது. எனவே சோகை உணவினால் வந்ததா, தொற்றினால் வந்ததா எனப் பிரித்தறிய இயலவில்லை. விலங்காய்வு செய்வோர் இன்றும் அஞ்சும் இடர் இதுவே. வில்ஸ் ஆய்வைக் குரங்குகளில் மீண்டும் செய்தார். அங்கும் ஈஸ்ட் பயன் தந்தது.

ஈஸ்ட் சாறான மார்மைட், பெண்களிடமும் விரைந்து பலனளித்தது. ஈரல் ஊசியை விட அது மலிவானது என்பது சிறிய செய்தியன்று. இம்முடிவுகளை 1931 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வாண்டு சென்னையில், மக்கள் கோஷா ஆசுபத்திரி என்றழைக்கும் மருத்துவமனையிலும் பணியாற்றினார். தூய்மையாக்கிய ஈரல் சாறு இந்நோய்க்குப் பயன்படவில்லை என்பதையும் பின்னர் கண்டறிந்தார். இதனால் ஈஸ்டில் உள்ளது வேறொரு சத்து என உணரப்பட்டு, அது வில்ஸ் காரணி எனப் பெயர் பெற்றது.

ஃபோலிக் அமிலமும் கருவளர்ச்சியும்

1941 இல் பசலையினக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்ட சத்துக்கு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1952 இல் அமெரிக்காவில் நெல்சன், ஆஸ்லிங், எவன்ஸ் ஆகியோர், கருவுற்ற எலிகளில் இச்சத்து குறைந்தால் குட்டிகள் பலவகை உறுப்புக் குறைகளுடன் உருவாவதைக் காட்டினர். 1991 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், முன்பு நரம்புக்குழல் குறையுள்ள கருவைச் சுமந்த பெண்கள் நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உண்டபோது, அக்குறை மீண்டும் ஏற்படும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்தது.

பிற்காலம்

1937-38 இல் மீண்டும் பம்பாயில் பணியாற்றினார். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோயியல் பிரிவுக்குப் பொறுப்பு வகித்து 1947 இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் ஜமைக்கா, பிஜி ஆகிய நாடுகளிலும் ஊட்டச்சத்து ஆய்வுகளில் ஈடுபட்டார். செல்சி நகர்மன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினராகவும் இருந்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.