கடிதத்துக்கு வழி கண்டவர்

தபால் தலைகளைச் சேர்ப்பவர்களை எல்லா ஊர்களிலும் காணலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தபால் தலை என்பதே தோன்றுவதற்கு முன்னால், உறையுமின்றி, மடித்து அரக்கு வைத்துச் சமுத்திரம் கடந்து சென்ற கடிதங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் சிலரே. மேல்நாடுகளில் இது ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. 1838-ம் வருஷத்தில் ஸிரியஸ், கிரேட் வெஸ்டர்ன் என்னும் இரண்டு நீராவிக் கப்பல்கள் ஒரு நாள் வித்தியாசத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் துறைமுகத்தை அடைந்தன. 1840-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஸாமுவேல் குனார்டின் பிரிட்டானியா என்ற கப்பல், பிரிட்டிஷ் சர்க்காரின் தபால் ஒப்பந்தத்துடன் லிவர்பூலிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. அக்கப்பல்கள் சுமந்த கடிதங்களை, எந்தக் கப்பல், எந்தத் தேதி, என்ன கட்டணம் என்று முத்திரைகளைக் கொண்டு ஆராய்ந்து சேர்ப்பதில் ஆயுளைக் கழித்தவர்கள் உண்டு.

நம் தேசத்தைப் பொறுத்தவரை அந்த ஸ்தானத்தில் நிற்பவை, எகிப்தும் செங்கடலும் வழியாகப் போய்வந்த கடிதங்கள். அவற்றுள் சிலவற்றின் மேல் சர்க்கார் முத்திரைகளோடு ஒரு தனி மனிதரின் பெயரும் முத்திரையாகப் பதிந்திருக்கும். கடிதம் சேகரிப்போர் அனைவரும் அறிந்த அந்தப் பெயர் தாமஸ் பிளெச்சர் வாக்ஹார்ன். அந்நியர் ஒருவரின் சரித்திரத்தை நாம் ஏன் எடுத்து எழுத வேண்டுமென்று சிலர் கேட்கக்கூடும். வழி கண்டவன் ஒருவன், அவ்வழியில் லாபம் கண்டவன் வேறொருவன் என்பது எல்லாத் தேசத்தாருக்கும் உரிய பாடம். கப்பல் விஷயத்தில் அப்பாடத்தை நம்மைவிடக் கசப்பாகக் கற்றவர்கள் அதிகமில்லை.

வாக்ஹார்ன் 1800-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் சாத்தம் என்ற கப்பற்படை நகரத்தில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே கப்பற்படையில் சேர்ந்தார். நெப்போலியனுடைய யுத்தங்கள் முடிந்ததும் படையில் ஆள் குறைத்தார்கள்; வேலையிழந்த பலருள் அவரும் ஒருவர். 1819-ம் வருஷத்தில் கல்கத்தாவுக்கு வந்து, ஹூக்ளி நதியில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளின் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1824-ல் தொடங்கிய முதல் பர்மா யுத்தத்திலும் கடற்பணி புரிந்தார்.

அந்நாளில் சீமைக்கும் இந்தியாவுக்கும் இடையே தபால் போன விதத்தை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி வந்தன. காற்று அநுகூலமாயிருந்தால் நான்கு மாதம். இல்லாவிட்டால் ஆறு மாதம். ஒரு கடிதத்துக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். இதைக் குறைக்க வேண்டுமென்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய பட்டணங்களிலிருந்த வெள்ளை வியாபாரிகள் கமிட்டிகள் அமைத்தனர். 1825-ம் வருஷத்தில் என்டர்பிரைஸ் என்ற நீராவிக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கல்கத்தாவுக்கு வந்தது. அதற்கும் ஏறக்குறைய நான்கு மாதம் பிடிக்கவே, எதிர்பார்த்தவர்கள் சோர்வடைந்தனர்.

வாக்ஹார்ன் சோர்வடையவில்லை. 1829-ம் வருஷம் அக்டோபர் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களை எடுத்துக்கொண்டு லண்டனை விட்டுப் புறப்பட்டார். ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து திரியெஸ்ட் துறைமுகம் சென்று, கடல் வழியாக அலெக்ஸாந்திரியாவை அடைந்து, நைல் நதியிலும் பாலைவனத்திலும் பிரயாணம் செய்து டிசம்பர் மாதத்தில் ஸூயஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரைச் சந்திக்க வேண்டிய என்டர்பிரைஸ் கப்பல் வரவேயில்லை. வேறொருவராயின் திரும்பிப் போயிருப்பார். அவரோ ஒரு திறந்த படகை அமர்த்திக்கொண்டு, கடற்படமும் திசைகாட்டும் கருவியும் இல்லாமல், பகலில் சூரியனையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்துச் செங்கடலில் தெற்கே சென்று ஜிட்டாவை அடைந்தார். அங்கே ஜுரத்தில் விழுந்து எழுந்து, 1830-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகிவிட்டது. எனினும் தாமதம் நேர்ந்தது வழியினால் அல்ல, வராத கப்பலினால்தான் என்பதை அப்பிரயாணம் தெளிவாக்கிற்று.

இங்கே நாம் பெருமையுடன் குறிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே மார்ச்சு மாதத்தில் பம்பாயிலிருந்து தபாலுடன் ஸூயஸுக்குப் புறப்பட்ட ஹ்யூ லிண்ட்ஸே என்ற நீராவிக் கப்பல் ஏறக்குறைய முப்பத்துமூன்று நாளில் அங்கே போய்ச் சேர்ந்தது. அக்கப்பல் சீமையில் கட்டப்பட்டதன்று. பம்பாய்க் கப்பல் துறையில், தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய வாடியா வம்சத்துப் பார்ஸி தச்சர்களின் பொறுப்பில், நம் நாட்டுத் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. யந்திரம் மட்டுமே சீமையிலிருந்து வந்தது. செங்கடல் வழி நீராவியால் சாத்தியமென்று முதலில் நிரூபித்தது இந்தியர் கை கட்டிய கப்பல்தான். இந்தியருக்குக் கப்பல் தொழில் தெரியாது என்று பிற்காலத்தில் சொல்லித் திரிந்தவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

வாக்ஹார்ன் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டுவிட்டு எகிப்துக்குப் போனார். 1835-ம் வருஷம் முதல் கடிதங்களைத் தாமே பொறுப்பேற்று அனுப்பலானார். எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷாவின் அநுமதியைப் பெற்றார்; அராபியக் கூட்டத்தாரோடு நட்புக் கொண்டார். கெய்ரோவுக்கும் ஸூயஸுக்கும் நடுவிலுள்ள பாலைவனத்தில் தங்குமிடங்களை அமைத்தார். வண்டிகளும் குதிரைகளும் ஒட்டகங்களும் அங்கே முறை வைத்துக் காத்திருந்தன. ஒரு சுமை நிலக்கரியோ ஒரு பை தபாலோ எதுவாயினும் ஒட்டகத்தின் முதுகில் ஏறித்தான் ஸூயஸை அடையவேண்டும். எகிப்தியக் குடியானவர்களும் ஒட்டகக்காரர்களும் சிந்திய வேர்வை இல்லாவிட்டால் அந்த வழி ஒரு நாளும் நடந்திராது. ஆனால் எந்தக் கடிதத்திலும் அவர்கள் பெயர் முத்திரையாகவில்லை. சில வருஷங்களுக்குள் லண்டன் கடிதம் நாற்பது நாள் அளவில் பம்பாய்க்கு வரலாயிற்று.

அக்காலத்துக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்தால், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காமலே அதன் பிரயாணத்தைப் படித்துவிடலாம். எடைக்குத் தக்க கட்டணமாதலால் மெல்லிய தாளில் நெருக்கி எழுதி, அதையே மடித்து வெளிப்புறத்தில் விலாசம் எழுதியிருப்பார்கள். எந்த மார்க்கமாகப் போகவேண்டுமென்று ஒரு மூலையில் குறித்திருப்பார்கள். வாக்ஹார்ன் பொறுப்பில் போனதென்பதற்கு அலெக்ஸாந்திரியாவிலோ ஸூயஸிலோ இட்ட முத்திரை இருக்கும். சில கடிதங்களில் உளியால் கீறிய துவாரங்கள் காணப்படும். பூச்சி அரித்ததென்று அவற்றைத் தள்ளிவிடுதல் கூடாது. எகிப்திலிருந்து பிளேக் நோய் பரவுமென்று அஞ்சி, மால்டாத் தீவில் கடிதங்களைக் கீறிப் புகையூட்டி அனுப்பியதன் அடையாளம் அது.

வழி நன்றாக நடந்ததும் பெரிய முதலாளிகள் வந்து சேர்ந்தனர். பீ அண்டு ஓ என்று வழங்கும் கப்பல் கம்பெனி 1840-ம் வருஷத்தில் அலெக்ஸாந்திரியா வரையில் தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தைப் பெற்றது. 1842-ல் ஹிந்துஸ்தான் என்ற பெரிய கப்பலை இந்தியாவுக்கு அனுப்பி, பின்னர் ஸூயஸ், இலங்கை, சென்னை, கல்கத்தா என்று கிரமமாகக் கப்பல் விட்டது. தபால் ஒப்பந்தமென்பது வெறும் கூலியன்று. சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து வருஷந்தோறும் கிடைக்கும் நிச்சயமான மானியம். குனார்டை அட்லாண்டிக்கில் நிலைநிறுத்தியது எதுவோ அதுவே பீ அண்டு ஓவைச் செங்கடலில் நிலைநிறுத்தியது. தனி மனிதராகிய வாக்ஹார்ன் அதன் எதிரில் நிற்க முடியுமா? பாலைவனப் போக்குவரத்து அவர் கையை விட்டுப் போயிற்று; முடிவில் எகிப்து அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது.

அப்போதும் அவர் ஓயவில்லை. பிரான்ஸ் வழியைவிடத் திரியெஸ்ட் வழி விரைவானதென்று காட்ட முனைந்து, 1845-ம் வருஷம் அக்டோபரில் இந்தியத் தபாலின் ஒரு பகுதியைத் தாமே சுமந்து ஐரோப்பாவைக் கடந்து, வழக்கமான தபாலுக்கு முன்னதாக லண்டனை அடைந்தார். புகழ் கிடைத்தது, கூடவே கடனும் ஏறியது. சர்க்கார் பின்னால் தரும் என்று நம்பிக் கைப்பொருளைச் செலவழித்தார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. கடைசிக் காலத்தில் கிடைத்த உபகாரச் சம்பளம் அவரைக் கரையேற்றப் போதவில்லை. 1850-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி, ஐம்பது வயது நிரம்புவதற்குள், வறுமையில் லண்டனில் உயிர் நீத்தார். மனைவிக்குச் சொற்பத் தொகையே கிடைத்தது. ஸூயஸ் கால்வாயை வெட்டிய லெஸ்ஸெப்ஸ் இவரை முன்னோடியென மதித்து ஸூயஸில் உருவச்சிலை எழுப்பச் செய்தார். சொந்த ஊரான சாத்தம் 1888-ல்தான் சிலை வைத்தது. அவர் முத்திரை பதிந்த ஒற்றைத் தாளை இன்று சேகரிப்போர் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாளைக் கொண்டு சேர்த்தவர் கடனாளியாக இறந்தார்.

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். அக்காலத்துச் சேலம் ஜில்லா ஓசூர் முதல் நாமக்கல் வரையில் பரந்து கிடந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். 1840-களில் இங்கே ரயில் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சீமைத் தபாலைச் சலங்கை கட்டிய கோலுடன் ஓட்டக்காரர்கள் கை மாற்றிக் கை மாற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கியவர்கள் யார்? கலெக்டர், சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட்ட துரைகள், 1820-களின் இறுதி முதல் சேலத்திலிருந்த லண்டன் மிஷன் பாதிரிமார். அப்பாதிரிமார் எழுதிய கடிதங்களை லண்டனில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ராசிபுரத்து நெசவாளியும் பரமத்திக் குடியானவனும் வரி கொடுத்தார்கள். அவர்கள் குறையைச் சொல்லும் கடிதம் அந்தக் கப்பலில் ஏறவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியதே ஏறிற்று. விரைவான தபாலால் விரைவடைந்தது முதலில் அந்நிய ஆட்சியே.

ஆயினும் வழியென்பது யார் நடந்தாலும் வழிதான். 1854-ல் அரை அணாத் தபால் தலை வந்தது. 1860-களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. 1882-ல் நடந்த சேலம் கலகத்தை ஒட்டித் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டு, ஹைகோர்ட்டில் நிரபராதி என விடுதலை பெற்ற சி. விஜயராகவாச்சாரியார், 1920-ல் நாகபுரிக் காங்கிரஸின் தலைமையை வகித்தார். அவர் காலத்துக் காங்கிரஸ் 1889 முதல் லண்டனில் ஒரு கமிட்டி வைத்து நடத்தியது. அதன் வேலையெல்லாம் வாராந்தர சீமைத் தபாலை நம்பியே நடந்தது. வாக்ஹார்ன் ஆட்சியாளருக்காகக் கண்ட வழியில் ஆளப்பட்டவர்களின் வழக்கும் போயிற்று.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் சட்ட ஆலோசகர்களுள் ஒருவராக நின்றவரும் இந்தச் சேலத்து விஜயராகவாச்சாரியாரே. எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோ 1856 முதல் சர்க்காரின் தபால் ஒப்பந்தத்தில் வளர்ந்தது. அது கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை சென்றார்; கம்பெனி கலைந்தது; கப்பல் போட்டிக்காரரிடமே விலைபோயிற்று. தம் சர்க்காருக்கு உழைத்த வாக்ஹார்னை மானியம் பெற்ற கம்பெனி ஒதுக்கித் தள்ளியது. தம் ஜனங்களுக்கு உழைத்த சிதம்பரனாரையோ கம்பெனியும் சர்க்காரும் சேர்ந்து நசுக்கின.

ஆகவே நம் ஜில்லாவாசிகளுக்கு ஒன்று சொல்வோம். சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் முதலிய ஊர்களில் பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் கடிதக் கட்டுகள் இருக்கக்கூடும். தலைக்காக உறையை வெட்டாதீர்கள். வெட்டினால் தலை மிஞ்சும்; தேதியும் ஊரும் வழியும் போய்விடும். முழுக் கடிதமாகவே வையுங்கள். யாருக்கு யார் எழுதியது என்று தனித்தாளில் குறித்து வையுங்கள். வைக்க இடமில்லாதவர்கள் நூல் நிலையங்களிடம் ஒப்படையுங்கள். கலெக்டரும் பாதிரியும் எழுதியவை சீமையில் பத்திரமாயிருக்கின்றன. நெசவாளியும் வியாபாரியும் தேசத்தொண்டரும் எழுதியவை நம் பரணில்தான் இருக்கின்றன. அவையும் கரையானுக்குப் போய்விட்டால், இந்தச் சமவெளியின் சரித்திரத்தைப் பிறர் எழுதியதைக் கொண்டே நாம் படிக்க நேரிடும்.