அகராதி தந்த பேராசிரியர்

தமிழ்ப் புலமையைக் கொண்டே ஒருவர் வாழ்க்கை நடத்துதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. கல்லூரித் தமிழாசிரியர்க்குப் பிற பாட ஆசிரியரினும் குறைந்த ஊதியமே கிட்டியது. தமிழாராய்ச்சிக்கெனப் பல்கலைக்கழகம் அளிக்கும் பணியிடங்களோ மிக அரியன. ஆகவே, தமிழார்வம் மிக்க பட்டதாரிகள் பலர் சட்டம் பயின்று வழக்கறிஞராயினர். எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்களுள் ஒருவர்.

நெல்லைச் சீமையில் 1891ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். தமிழில் முதன்மையாகத் தேறியமைக்குச் சேதுபதி பொற்பதக்கமும் பெற்றார். எனினும் அப்பதக்கம் பிழைப்புக்கு வழிகாட்டவில்லை. திருவனந்தபுரத்திலும், பின்னர் திருநெல்வேலியிலும் அவர் வழக்கறிஞர் தொழில் நடத்தினார்.

பகலில் நீதிமன்றம் சென்றவர், எஞ்சிய பொழுதெல்லாம் ஏடுகளையும் அச்சு நூல்களையும் ஒப்புநோக்கினார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1922இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார். இவற்றை அவரிடம் யாரும் பணியாக ஒப்படைக்கவில்லை, ஊதியமும் இல்லை. ஆயினும், பின்னாளில் கிட்டவிருந்த பணிக்கு இவ்வுழைப்பே தகுதிச் சான்றாயிற்று.

1913இல் தொடங்கப்பெற்ற தமிழ்ப் பேரகராதித் திட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடைபெற்று வந்தது. அதன் பதிப்பாசிரியர் பதவி 1926ஆம் ஆண்டு நவம்பரில் அவரை நாடி வந்தது. அப்போது அவருக்கு வயது 35. நிலைபெற்ற தொழிலைத் துறந்து, ஒரு திட்டத்திற்கென ஏற்பட்ட பணியில் அமர்வது குடும்பத்தினர் எவர்க்கும் தயக்கம் தருவதே. அவர் அப்பணியை ஏற்றார்.

பத்தாண்டுகள் அயரா உழைப்பில் கழிந்தன. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் 67,452 சொற்கள் இருந்தன. 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்ற பேரகராதியிலோ 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. பின்னர் வெளிவந்த அனுபந்தம் மேலும் 13,357 சொற்களைச் சேர்த்தது. இலக்கியச் சொல்லோடு வழக்குச் சொல்லும், பொருளோடு மேற்கோளும் தந்தமை இதன் சிறப்பாகும்.

அகராதி முடிந்த அதே ஆண்டில், பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறையின் தலைமை அவரை வந்தடைந்தது. 1946 வரை அப்பதவியில் இருந்தார். சங்கப் பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்து 1940இல் வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பு அவர் உழைப்பின் பயனேயாகும். 1951 முதல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்.

தொல்காப்பியம், திருக்குறள் முதலியவற்றிற்கு மரபாகக் கூறப்பட்டதினும் பிற்பட்ட காலத்தை அவர் வகுத்தார். அதனால் கடுங்கண்டனங்களுக்கு ஆளானார். அவர்தம் கால முடிபுகள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர் ஏற்கவில்லை. எனினும், சான்று காட்டியே முடிவு கூறவேண்டும் என்னும் அவரது நெறியை மறுத்தவர்களும், அவருக்கு மறுப்புரைக்கச் சான்றுகளையே தேட நேர்ந்தது.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் சுவடிகளும் கல்கத்தா தேசிய நூலகத்தில் தனித் தொகுப்பாகப் பேணப்படுகின்றன. பல்கலைக்கழகங்களில் தமிழாய்வுப் பணியிடங்கள் பெருகிய பின்னரும், அப்பணியில் அமர்வோர் நாடோறும் புரட்டும் நூலாக அவரது பேரகராதி நிலவுகின்றது.