வேடன் இல்லாத வேடந்தாங்கல்

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் போனவர்கள் லயோனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரக் கலெக்டரின் கதையைக் கேட்டிருப்பார்கள். 1798இல் அடைமழை; ஏரிக்கரை உடையும் நிலை. இரவில் பார்வையிட வந்த கலெக்டர், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்பதை மின்னல் வெளிச்சத்தில் கண்டாராம். கரை உடையவில்லை. தாயார் சன்னதிக்கு அவர் திருப்பணி செய்து கொடுத்தார் என்கிறது ஊர்க்கதை. அவர் பெயர் நம் பக்கத்தில் இன்னும் வாழ்வதற்கு இந்தக் கதைதான் காரணம். ஆனால் அவர் செய்த மற்ற வேலைகள் இன்றும் நம் சேரிகளையும் இருளர் குடிசைகளையும் தொடுகின்றன. அவற்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் பாழாகின, மக்கள் சிதறினார்கள். அந்தச் சீமைக்கு 1794இல் கலெக்டராக வந்தவர் பிளேஸ். உத்திரமேரூரும் அதற்குள் அடக்கம். வரியைப் பெருக்க வேண்டும் என்பது கம்பெனியின் எதிர்பார்ப்பு. ஏரி நிரம்பினால்தான் வரி வரும் என்பதை அவர் புரிந்துகொண்டார். ஏரிகளைச் செப்பனிட்டார். காஞ்சிபுரம் கோயில் திருவிழாக்களிலும் அக்கறை காட்டினார். 1798 வரை பதவியில் இருந்தார்.

நிலம் யாருடையது என்ற கேள்வி அவர் முன் வந்தது. காணியாட்சி என்ற மிராசு உரிமை உண்மையான உரிமைதான் என்று அவர் வாதிட்டார். 1799இல் அதைப் பற்றி நீண்ட அறிக்கையும் கொடுத்தார். மிராசுதாரர்களுக்கு அவர் பணிந்தவர் அல்ல. தான் கேட்ட வரிக்கு ஒத்துவராதவர்களை நீக்கிவிட்டு வேறு ஆட்களை வைத்தார். ஆனாலும் அந்த உரிமைக் கணக்கில் உழுத பறையர் நிலத்தோடு சேர்ந்த உழைப்பாகவே எண்ணப்பட்டார். மிராசுதாரர்கள் நன்செய், புன்செய்யோடு நிற்கவில்லை. தரிசும் காடும்கூடத் தங்களுக்கே பாத்தியம் என்றார்கள். புதரில் முயல் பிடித்தவர்களும், வரப்பில் எலி தோண்டியவர்களும், தேன் எடுத்தவர்களும் இப்படித்தான் அடுத்தவர் நிலத்தில் நிற்பவர்கள் ஆனார்கள்.

நம் பக்கத்து வேடந்தாங்கலின் பெயரிலேயே வேடன் இருக்கிறான். தாங்கல் என்றால் சிறிய ஏரி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பதால் ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தவர் பிளேஸ். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவையைக் காத்தது நல்ல காரியம். அதில் நமக்கு மறுப்பில்லை. மிராசுதாரருக்கு அறிக்கை இருந்தது, ஊராருக்கு கவுல் இருந்தது. வலையும் கண்ணியும் வைத்துப் பிழைத்தவருக்கு என்ன இருந்தது என்பதுதான் நம் கேள்வி.

பிறகு வந்தவை சட்டங்கள். 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டுக்கு எல்லை போட்டது. 1891இல் இதே செங்கல்பட்டின் கலெக்டராக இருந்த திரமென்கீர், மிராசு முறையால் பறையர்களுக்குத் தரிசு நிலம்கூடக் கிடைப்பதில்லை என்று அரசுக்கு எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பிளேஸ் கட்டிக் காத்த உரிமையில் சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு விழுந்த முதல் பெரிய விரிசல் அது. அந்த நிலங்களில் எத்தனையோ கைமாறிப்போனது வேறு கதை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. பாம்புத்தோல் வணிகமும் நின்றது. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில குடும்பங்களுக்கு வழி காட்டியது. அங்கே எடுக்கும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. மற்ற பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள், கொத்தடிமை ஆனார்கள்.

2006இன் வன உரிமைச் சட்டமும் வேட்டையாடும் பழைய உரிமையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் தேன், மூலிகை போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை அது ஏற்கிறது. கோரிக்கையைக் கிராம சபையில் தொடங்கலாம் என்கிறது.

வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். குடவோலையில் பெயர் எழுத அன்று கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். நிலம் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. இன்றைய கிராம சபைக்கு அந்த நிபந்தனை இல்லை. வரும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களுக்கு மாணவர்கள் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவரையாவது உடன் அழைத்துப் போங்கள். மனைப்பட்டா, கோட்டாட்சியர் தர வேண்டிய சாதிச் சான்று, வன உரிமை மூன்றையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கலெக்டர் பிளேஸ் காலத்தில் எழுதாமல் விட்ட பெயர்களை இனி நாம்தான் எழுத வேண்டும்.