400 மீட்டர், மறுபடியும் 400 மீட்டர்

பள்ளிக்குப் போட்டுப் போன பாட்டா சப்பாத்து ஞாபகம் இருக்கா? அந்தக் கம்பெனி பிறந்த ஊர் இன்றைய செக் குடியரசின் ஸ்லின். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான் எமில் ஸாட்டோபெக். பிறந்தது 1922. கம்பெனி ஓட்டப்பந்தயத்தில் ஓடச் சொன்னபோது, உடம்பு சரியில்லை என்று நழுவப் பார்த்தார். டாக்டர் விடவில்லை! வேண்டாவெறுப்பாக ஓடி இரண்டாவதாக வந்தார்.

பிறகு ஓட்டமே வாழ்க்கையானது. 400 மீட்டர் வேகமாக ஓடுவார், 200 மீட்டர் மெதுவாக, மறுபடியும் 400. ஒரே நாளில் 40, 60 தடவை. ராணுவத்தில் இருந்தபோது பூட்ஸோடுகூட ஓடினார். முறை அவர் கண்டுபிடித்ததில்லை. ஆனா இந்த அளவுக்கு யார் செய்தா?

இதில் சூட்சுமம் அந்த 200 மீட்டரில்தான். இதயத்துடிப்பு முழுசா இறங்குறதுக்குள்ள அடுத்த ஓட்டம் வந்துவிடும். ஒரே மூச்சில் தாங்க முடியாத வேகத்தைத் துண்டு துண்டாக்கினால், மொத்தத்தில் நிறைய நேரம் தாங்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் ரத்தம் தள்ள இதயம் பழகிக்கொள்ளும்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். அதோடு நிற்காமல், அதுவரை ஓடியே பார்த்திராத மாரத்தானிலும் இறங்கினார். 2 மணி 23 நிமிடம் 3 விநாடி. மூன்றாவது தங்கம்! ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வேறு யாரும் வென்றதில்லை.

1968-இல் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் வந்தபோது வெளிப்படையாக எதிர்த்தார். ராணுவப் பதவி போனது. பல வருஷம் ஊர் ஊராகப் போய் உடலுழைப்பு வேலை. 2000-இல் காலமானார்.

அந்த 10,000 மீட்டர் தங்கம் இப்போது அவர் வீட்டில் இல்லை. உலக சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காத ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் 1966-இல் பிராக் வந்திருந்தார். வழியனுப்பும்போது அவர் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணித்தார் எமில். பிறகு பிரித்துப் பார்த்தால், உள்ளே அந்தப் பதக்கம்.