மக்கள் நலம் அளந்த மருத்துவர்

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். ஊர்களுக்கிடையே கரிசல் காடு நீண்டிருக்கும். இத்தகைய நிலத்தில் பேறுகால வலி கண்ட பெண்ணின் உயிர், மருத்துவ வசதியின் தொலைவைப் பொறுத்தே அமைந்தது. நிலையம் அருகில் இருந்தும் மருத்துவர் இல்லையெனில் பயன் என்ன? நாடு முழுமைக்குமாக இவ்வினாவை ஆராய்ந்தவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார்.

1887ஆம் ஆண்டு கர்நூலில், இராமசாமி முதலியாருடன் இரட்டையராகப் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, மகப்பேறு மருத்துவத்தில் புகழ்பெற்றார். அக்கல்லூரியின் முதல்வராக விளங்கினார். 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

சிற்றூர் மக்களுக்கு மருத்துவமும் நோய்த்தடுப்பும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று 1946இல் போர் குழு பரிந்துரைத்தது. அக்குழுவின் உறுப்பினர்களுள் முதலியாரும் ஒருவர். 1952 முதல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின.

1959இல் நடுவணரசு அமைத்த நலவாழ்வு ஆய்வு, திட்டக்குழுவுக்கு அவரே தலைவரானார். தாம் பங்கேற்று வகுத்த திட்டத்தைத் தாமே மதிப்பிடும் நிலை அது. எத்தனை நிலையங்கள் திறக்கப்பட்டன என்னும் எண்ணிக்கையோடு அவர் நிறைவடையவில்லை. ஒவ்வொன்றும் எத்தனை மக்களைத் தாங்குகிறது, போதிய பணியாளர் உள்ளனரா, பணியின் தரம் யாது என்பவற்றைக் குழு ஆராய்ந்தது. பல நிலையங்கள் ஆள்பற்றாக்குறையால் நலிந்திருந்தன. குறைகளை மறையாமல் 1961ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைத்தது.

புதியவற்றைத் திறக்குமுன் இருப்பவற்றை வலுப்படுத்துக. ஒரு நிலையம் 40,000 மக்களுக்கு மேல் ஏற்றல் கூடாது. மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவம் வேண்டும் என அது பரிந்துரைத்தது. நிலையமே காணாத சிற்றூர்களுக்கு முதற்பரிந்துரை கசப்பானதே. எனினும் மருத்துவரும் மருந்தும் இல்லாத கட்டடம் நோயாளியை ஏமாற்றும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே 1961இல் புதுதில்லியில் கூடிய உலக நலவாழ்வுப் பேரவைக்கும் அவர் தலைமையேற்றார். 1963இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்; 1974இல் மறைந்தார்.

பணியாளர் வருகை, மருந்து இருப்பு, தடுப்பூசி, பேறுகாலக் கவனிப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் இன்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேணப்படுகின்றன. அவற்றை நேர்மையாக எழுதுவதும், குறை கண்டவிடத்து மறையாது திருத்துவதும் அவர் காட்டிய நெறியாகும்.