டேவிட் லிவிங்ஸ்டனும் ஆபிரிக்காக் கண்டமும்

ஆபிரிக்காக் கண்டம் ஏறத்தாழ 3 கோடிச் சதுர கிலோமீட்டர் விரிவுடையது. இன்று அதன்கண் 54 சுதந்திர தேசங்கள் உள்ளன. ஐக்கிய நாடுகள் சபையார் தம் கணக்கின் பொருட்டு அதனை வடக்கு, மேற்கு, நடு, கிழக்கு, தெற்கு என ஐந்து பகுதிகளாக வகுத்திருக்கின்றனர். பூகோள வகுப்பில் இப்பகுதிகளை மனனம் செய்தல் ஒரு நாழிகை வேலை. ஆயின், 1840-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அச்சிடப்பெற்ற ஆபிரிக்காப் படங்களைக் காண்போமாயின், கடற்கரையெங்கும் ஊர்ப்பெயர்கள் நெருங்கி நிற்க, நடுவிடம் வெறுங்காகிதமாகவே கிடத்தலைக் காண்போம். அங்குத் தலைமுறை தலைமுறையாக உழுதும், மீன்பிடித்தும், சந்தை கூட்டியும் வாழ்ந்த மக்களுக்கு அந்நிலம் வெறுமையன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வெறுமை படம் வரைந்தோரது அறிவிலேயே இருந்தது. அவ்வெண்காகிதத்தில் ஆறுகளையும் ஏரிகளையும் எழுதியவருள் தலையாயவர் டேவிட் லிவிங்ஸ்டன். அவரது சரித்திரத்தை நாம் இங்குச் சுருக்கி உரைக்கின்றோம்.

அவர் 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் தேதி ஸ்காத்லாந்து தேசத்தில் பிளான்டையர் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் வறியது. பத்து வயதிற் பஞ்சாலையிற் புகுந்து, காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை இழை முடியும் வேலை செய்தார். முதற்கூலியின் ஒரு பகுதியைக் கொண்டு லத்தீன் இலக்கணம் ஒன்று வாங்கி, நூற்கும் இயந்திரத்தின்மேல் அதனை விரித்துவைத்து, அவ்வழியே நடக்குந்தோறும் ஒரு வாக்கியம் கற்றனராம். விளக்கும் மேசையும் பெற்றும் கல்வியிற் சலிப்புறும் நம்மனோர் இதனை ஒருமுறை நினைப்பாராக. பின்னர்க் கிளாஸ்கோ நகரில் வைத்தியம் பயின்று 1840-இற் பட்டம் பெற்றார். சீனா செல்ல வேண்டுமென்பதே அவர் கருத்து. அபின் யுத்தம் மூண்டு அவ்வழியை அடைத்தது. தென் ஆபிரிக்காவில் ஊழியஞ் செய்துகொண்டிருந்த ராபர்ட் மொபட் என்பவரைக் கண்டபின் மனம் அத்திசையிற் சென்றது. 1841-இற் குருமான் என்னும் மிஷன் நிலையத்தை அடைந்தார். 1844-இல் ஒரு சிங்கம் பாய்ந்து இடத்தோள் எலும்பை நொறுக்கியதும், அடுத்த ஆண்டில் மொபட்டின் புதல்வி மேரியை மணந்ததும் தென் ஆபிரிக்காவில் இருந்த காலத்து நிகழ்ச்சிகள்.

கண்டத்தின் உட்பகுதி நெடுங்காலம் அயலார்க்குத் தெரியாது நின்றதற்கு அதன் அமைப்பே பெருங்காரணம். தென்பாதி ஓர் உயர்ந்த பீடபூமி. அதன் விளிம்பு நடுவிடத்தினும் உயர்ந்து, கடற்பக்கம் சரிந்து இறங்குவது. ஓரம் மடித்த தாம்பாளம் போன்றது எனலாம். உள்ளே பரந்து திரியும் நதிகள் அவ்விளிம்பை அறுத்துக்கொண்டு அருவிகளாகவும், பாறைகளிடையே பாயும் விரைவோட்டங்களாகவும் கீழே விழுகின்றன. ஆதலாற் கடலினின்று படகேறி உட்செல்லுதல் அரிது. நிலவழியே செல்வோமெனின், மலேரியாக் காய்ச்சல் மனிதரையும், செட்சி என்னும் ஈ மாட்டையும் குதிரையையும் வீழ்த்தின.

லிவிங்ஸ்டன் 1849-இற் காலகாரிப் பாலையைக் கடந்து ஙாமி ஏரியையும், 1851-இற் சாம்பெசி நதியின் நடுப்பகுதியையும் அடைந்தார். பாலைவனம் என்று கருதப்பட்ட இடத்திற் பெருநதி ஓடுதலைக் கண்டார். மனைவியையும் மக்களையும் 1852-இல் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, மக்கலோலோத் தலைவன் செக்கெலெட்டு அளித்த 27 ஆட்களுடன் 1853 நவம்பரில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பெரும்பாலும் எருதின்மேல் பிரயாணம். அவ்வெருதுக்குச் சிந்துபாத் என்று பெயர். இடையிடையே காய்ச்சல். 1854 மே மாத இறுதியில் அட்லாண்டிக் கரையிலுள்ள லுவாண்டாவை அடைந்தார். அங்கிருந்த கப்பலில் ஏறித் தாயகம் செல்ல வாய்ப்பிருந்தும், தம்முடன் வந்தவரை அவர்தம் ஊரிற் சேர்ப்பதாகத் தலைவனுக்குச் சொன்ன சொல்லைக் காக்கத் திரும்பி நடந்தார். அவர் செயல்களுள் நாம் மிகுதியும் மதிப்பது இதுவே.

இப்பிரயாணத்திலேதான் கண்டத்தின் உட்பொருள் அவருக்கு விளங்கியது. திலோலோ என்னும் ஏரியின் அருகே ஒரு சமவெளி. மழைக்காலத்தில் அங்கு நிற்கும் நீரின் ஒரு பகுதி வடக்கே காசாய் நதியிற் சென்று காங்கோவிற் கலக்கிறது. மற்றொரு பகுதி தெற்கே சாம்பெசியிற் கலக்கிறது. ஒன்று மேல்கடலையும் மற்றொன்று கீழ்கடலையும் சேரும். இவற்றைப் பிரிப்பது மலையன்று; கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேடு. இத்தகைய நீர்பிரிமேட்டைக் கண்டறிந்தவனே ஒரு கண்டத்தின் உறுப்புக்களைப் பிரித்தறிந்தவனாவான். விளிம்புயர்ந்த பீடபூமி என்னும் கொள்கையை லண்டனில் மர்ச்சிசன் என்னும் சாஸ்திரியார் 1852-இல் இருந்தவிடத்திலிருந்தே ஊகித்திருந்தார். லிவிங்ஸ்டன் காலால் நடந்து அதனைக் கண்டார். வானத்து மீன்களையும் சந்திரனையும் கருவிகொண்டு அளந்து, அக்கணக்குக்களைக் கேப் நகரத்து வானசாஸ்திரி மக்ளியருக்கு அனுப்பி வந்தார்.

கிழக்கு நோக்கி நடந்தபோது 1855 நவம்பரில், அங்குள்ளார் முழங்கும் புகை என்னும் பொருளுடைய பெயரால் வழங்கிய பேரருவியைக் கண்டு, அதற்கு விக்டோரியா அரசியின் பெயரை இட்டார். 1856 மே மாதம் இந்து மகாசமுத்திரக் கரையை அடைந்தார். கண்டத்தை ஒரு கரை முதல் மறுகரை வரை கடந்தாயிற்று. இன்றைய பகுப்பின்படி தெற்கு, நடு, கிழக்கு என்னும் மூன்று பகுதிகளை அவர் காற்சுவடு இணைத்துவிட்டது.

தாயகத்திற் பெரும்புகழ். அப்புகழே அடுத்த யாத்திரைக்குத் தீங்காயிற்று. சாம்பெசி வாணிகத்துக்குரிய ராஜபாட்டையாகும், நேர்மையான வாணிகம் புகின் அடிமை வியாபாரம் ஒழியும் என்று அவர் நம்பினார், பிறரையும் நம்புவித்தார். 1858-இல் அரசாங்கச் செலவில் நீராவிப் படகுடன் சென்றபோது, கெப்ரபாசா என்னும் விரைவோட்டங்கள் வழியை அடைத்துவிட்டன. விளிம்புயர்ந்த பீடபூமி என்று தாமே நிலைநாட்டிய உண்மை, தம் ஆசையை மறுக்கும் என்பதை அவர் முன்பு எண்ணிப் பார்த்திலர். உடன் சென்ற ஐரோப்பியரோடு மனத்தாங்கல் மிகுந்தது. அவர் சொல்லை நம்பி வந்த மிஷனரிமார் பலர் காய்ச்சலால் மாண்டனர். 1859-இல் நயாசா ஏரியைக் கண்டது அவ்யாத்திரையின் பெரும்பயன். 1862 ஏப்பிரலில் மேரி அம்மையார் சாம்பெசிக் கரையிலுள்ள சுப்பங்காவில் இறந்தார். தந்தையைப் பிரிந்து வளர்ந்த குழந்தைகளின் நிலையை எண்ணுங்கால், இச்சரித்திரத்தை முழுதும் புகழ்ச்சியாக எழுத நம் கை எழவில்லை.

அரசாங்கத்தார் அவரைத் திரும்ப அழைத்தபோது, தம் சிறு படகை விற்கவேண்டி, 1864-இல் தாமே மாலுமியாக நின்று அதனைச் சமுத்திரத்தின் குறுக்கே 45 நாளிற் பம்பாய்க்குச் செலுத்தினார். இங்கு நம் தேசத்துக்கும் அவர் சரித்திரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டாகிறது. அடிமைத்தளையினின்று விடுபட்டு அவருடன் வந்த சூமா என்னும் சிறுவனைப் பம்பாயில் டாக்டர் ஜான் வில்சனது மிஷன் பாடசாலையிற் சேர்த்தார். சூசி என்பவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நாசிக்கில் மிஷனார் நடத்திய ஆபிரிக்க விடுதியிற் கல்விகற்ற இளைஞர் சிலரும் 1866-இல் அவரது கடைசி யாத்திரையிற் சேர்ந்தனர்.

அவ்யாத்திரையின் நோக்கம் நைல், காங்கோ, சாம்பெசி என்னும் மூன்றன் நீர்பிரிமேட்டைத் தீர்மானித்தல். 1867 ஜனவரியில் மருந்துப் பெட்டி களவு போயிற்று; காய்ச்சல் மிகுந்த காட்டில் அஃது உயிரே போனது போலாம். எனினும் முவேரு ஏரியை 1867-இலும், பங்குவேலு ஏரியை 1868-இலும் கண்டார். வடக்கு நோக்கி ஓடும் லுவாலபா என்னும் பெருநதியே நைலின் தலைப்பகுதி என்று கொண்டார். ஊற்றுக்களின் நீரிற் பாதி வடக்கேயும் பாதி தெற்கேயும் செல்வதாகக் கிரேக்க ஆசிரியர் ஹெரடோட்டஸ் கேட்டெழுதிய பழங்கதை அவர் உள்ளத்தைப் பற்றியிருந்தது. அது காங்கோவாக இருக்குமோ என்னும் ஐயமும் அவரைவிட்டு நீங்கவில்லை.

1871 ஜூலை 15-ஆம் தேதி லுவாலபாக் கரையில் நியாங்வே என்னுமிடத்துச் சந்தையில் அடிமை வியாபாரிகளின் ஆட்கள் துப்பாக்கி கொண்டு நூற்றுக்கணக்கானவரைக் கொன்றதை அவர் கண்ணாற் கண்டார். எழுதத் தாளின்றிப் பழைய செய்தித்தாளின்மேல், செடியின் சாற்றால் எழுதிவைத்தார். மங்கிப்போன அவ்வெழுத்தைப் புதிய ஒளிப்பட முறையால் 2011-இல் அறிஞர் படித்தெடுத்தனர். மனமுடைந்து உஜிஜிக்குத் திரும்பிய அவரை அவ்வாண்டின் இறுதியில் ஸ்டான்லி கண்டு உணவும் மருந்தும் கொடுத்த கதையை எல்லாரும் அறிவர், நாம் விரிக்கவில்லை. இருவரும் தங்கனீக்கா ஏரியின் வடமுனைக்குச் சென்று, அங்குள்ள ருசிசி நதி ஏரியினுள் விழுவதேயன்றி வெளிச்செல்வதன்று எனக் கண்டது முக்கியம். அவ்வேரி நைலின் தலையன்று என்பது அதனால் துணிபாயிற்று.

ஸ்டான்லியுடன் ஊர் திரும்ப மறுத்து, மீண்டும் தெற்கே நடந்தார். 1873-இல் பங்குவேலுவின் சதுப்பு நிலத்தில், வெள்ளத்திடையே, நடக்கவியலாது கட்டிலிற் சுமக்கப்பட்டுச் சென்று, மே மாதத் தொடக்கத்திற் சித்தாம்போ என்னும் தலைவனது ஊரில், கட்டிலருகே முழந்தாளிட்டபடியே உயிர் நீத்தார். நைலைத் தேடி அவர் இறந்தவிடத்து நீரெல்லாம் காங்கோவுக்குச் செல்வது. இவ்வுண்மையை 1877-இல் ஸ்டான்லி லுவாலபா வழியே அட்லாண்டிக் வரை சென்று நிறுவினார்.

சூமாவும் சூசியும் மற்றையோரும் அவரது இருதயத்தை ஒரு மரத்தடியிற் புதைத்தனர். நாசிக்கிற் கற்ற ஜேக்கப் வெயின்ரைட் அடக்க ஆராதனையை வாசித்து, அம்மரத்திற் பெயரையும் செதுக்கினார். உடலை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையிற் பொதிந்து, குறிப்பேடுகளுடன் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரம் சுமந்தனர். வழியில் ஓர் ஆங்கிலேய அதிகாரி அங்கேயே புதைத்துவிடச் சொல்லியும் இணங்கிலர். 1874 பிப்ரவரியிற் கடற்கரையை அடைந்தனர். லண்டனில் அவ்வுடலை அடையாளங் காட்டியது சிங்கம் முறித்த தோளெலும்பு. ஏப்பிரல் 18-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்தபோது உடனிருந்த ஆபிரிக்கர் வெயின்ரைட். சுமந்து வந்தவருள் தலைமை பூண்ட சூமாவும் சூசியும், ஒரு நண்பர் பொருளுதவியாற் பின்னரே இங்கிலாந்து சென்று, குறிப்பேடுகளைப் பதிப்பிக்கத் துணைபுரிந்தனர். அவர்கள் சொல்லாதிருந்தால் அந்நூலிற் பல இடங்கள் விளங்கா.

ஜான்சிபாரின் அடிமைச் சந்தை 1873 ஜூன் மாதம் மூடப்பட்டது. அவர் இறந்து ஐந்து வாரமே ஆகியிருந்தது. அச்செய்தி அவர்க்கு எட்டவில்லை. அவர் வரைந்த படங்களோ வேறொரு வழியிற் சென்றன. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினிற் கூடிய மகாநாட்டினர், ஆபிரிக்கர் ஒருவரையும் அழையாமலே, காங்கோ நாட்டு வாணிகத்துக்கும் கடற்கரை நாடுகளைக் கைக்கொள்வதற்கும் விதி வகுத்தனர். அதன்பின் பங்கீடு விரைந்தது. காங்கோ பெல்ஜிய அரசனுக்கும், சாம்பெசிக்கு வடபால் ஆங்கிலக் கம்பெனிக்கும் உரியனவாயின. அவ்விரண்டிற்கும் நீண்டதூரம் எல்லையாகக் கொள்ளப்பட்டது, லிவிங்ஸ்டன் தேடித்திரிந்த அந்நீர்பிரிமேடே. காங்கோ 1960-இலும் சாம்பியா 1964-இலும் சுதந்திரம் பெற்றபின்னரும் அவ்வெல்லை மாறவில்லை. இன்றும் அம்மேட்டின் வடபாற் பெய்யும் மழை காங்கோ வழியே அட்லாண்டிக்கையும், தென்பாற் பெய்யும் மழை சாம்பெசி வழியே இந்து மகாசமுத்திரத்தையும் சேர்கின்றன.